'கோ'வுக்கு 'வென்ட்' எங்கிருந்து வந்தது?

சாயங்காலம் மாடியில் ட்யூஷன் எடுக்கிறேன். கோ, வென்ட், கான் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். போன வாரம் ஒரு பெண் பாதியில் நிறுத்தி, "எல்லாத்துக்கும் ஈடி போடறோம், இதுக்கு மட்டும் ஏன் மிஸ் வேற வார்த்தை?" என்றாள். நான் படித்தபோது இதற்கெல்லாம் கிடைத்த பதில், "மனப்பாடம் பண்ணு".

போர்டில் செண்ட், பெண்ட், லெண்ட் மூன்றையும் எழுதி இறந்தகாலம் கேட்டேன். சென்ட், பென்ட், லென்ட். (தமிழில் எழுதினால் வித்தியாசமே தெரியாது, ஆங்கிலத்தில் கடைசி எழுத்து 'டி' (d) போய் 'டீ' (t) வரும்.) நாலாவதாக, 'டி'யில் முடியும் 'வெண்ட்' என்று எழுதினேன். "வென்ட்!" என்று கத்திவிட்டு, அவளே முழித்தாள்.

விஷயம் அதுதான். 'வெண்ட்' தனி வினை. திரும்புவது என்று பொருள். அப்புறம் வழி பிடித்துச் செல்வது என்றும் ஆயிற்று. 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர், கேன்டர்பரிக்குக் கிளம்பும் யாத்ரீகர்களை இந்தச் சொல்லால்தான் நடக்க விடுகிறார். 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் அதன் இறந்தகாலத்தை 'கோ' எடுத்துக்கொண்டது. பறிகொடுத்த வினை 'வெண்டட்' என்று புதிதாக ஒன்றைச் செய்துகொண்டு, இன்று பெரும்பாலும் 'வெண்ட் யுவர் வே' என்ற தொடரில்தான் காலம் தள்ளுகிறது.

அதற்கு முன்னால் 'கோ' என்ன செய்தது? அப்போதும் இரவல்தான். பழைய ஆங்கிலத்தில் அதன் இறந்தகாலம் 'ஏயொடெ'. அதற்கும் 'கோ'வுக்கும் உறவில்லை. ஸ்காட்லாந்துக்காரர்கள்தான் ஒழுங்காக 'கேட்' என்று அதே வேரிலிருந்து ஒன்றை உண்டாக்கிக்கொண்டார்கள். பேசப் பழகும் ஆங்கிலேயக் குழந்தைகள் 'கோட்' என்பதைக் கேட்டுச் சிரிக்கிறோம். இலக்கணப்படி பார்த்தால் அவர்கள் பக்கம்தான் நியாயம். பிரெஞ்சு இன்னும் மோசம்: அதில் 'நான் போகிறேன்' வந்தது லத்தீனின் ஒரு வேரிலிருந்து, 'நான் போவேன்' இன்னொரு வேரிலிருந்து.

'இட் இஸ் கோயிங் டு ரெயின்' நமக்குப் புரிய வைக்கவே வேண்டாம். மழை பெய்யப் போகிறது என்று நாமும் அதே வினையைத்தான் எதிர்காலத்துக்கு அனுப்புகிறோம்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது 'அகோ'. 'டூ இயர்ஸ் அகோ'வில் வருகிற அதே 'அகோ'தான். 'கடந்து போன' என்ற பொருளுள்ள 'அகோன்' தேய்ந்து வந்த சொல் அது. 1611-ஆம் ஆண்டு ஆங்கில பைபிளில், சாமுவேல் முதல் புத்தகம் 30-ஆம் அதிகாரத்தில், எஜமான் விட்டுப்போன ஓர் எகிப்திய வாலிபன் தாவீதிடம் பேசுகிறான். தான் நோயில் விழுந்து மூன்று நாள் ஆயிற்று என்பதை 'த்ரீ டேஸ் அகோன்' என்றே சொல்கிறான். ட்யூஷனில் 'அகோ'வை இன்னும் சொல்லித் தரவில்லை. அது அட்டவணையில் இல்லை.