பத்தாம் நம்பர் சாக்கெட்

29 செப்டம்பர் 2024, ஞாயிறு

வண்டி ஒரு வாரமாக மிஸ்ஸிங் அடிக்கிறது. சிக்னலில் நின்றால் குளிர்ஜுரம் வந்த மாதிரி நடுக்கம். 1998 மாடல் மாருதி 800, 796 சிசி, மூன்றே சிலிண்டர். அதில் ஒன்று மக்கர் செய்தால் மூன்றில் ஒரு பங்கு வண்டி லீவு போட்ட கணக்கு. பிளக்கைக் கழற்றிப் பார்ப்போம், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துடைப்போம், பொறுமை இருந்தால் கார்புரேட்டரையும் கவனிப்போம் என்று காபி குடித்த கையோடு பானட்டைத் திறந்தேன்.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் கார் நிறுத்த இடம் கிடைப்பதே பெரிய காரியம். ஒரு பக்கம் வீட்டுப் படி, இன்னொரு பக்கம் மழைநீர்க் கால்வாய். நடுவில் இருக்கிற இடம்தான் என் ஒர்க்‌ஷாப்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினேன். இது பட்டுத் தெரிந்துகொண்டது. வண்டியின் இரும்பு உடம்பு முழுக்க நெகட்டிவ்தான். பாசிட்டிவை முதலில் கழற்றப் போய் ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டால் வெல்டிங் பட்டறை மாதிரி பொறி பறக்கும். ஆறு வருடம் முன்பு பறந்தது. அந்த ஸ்பேனரில் இன்னும் ஒரு பள்ளம் இருக்கிறது.

அப்புறம் ஏர் கிளீனரைத் தாங்கும் போல்ட்டில், போல்ட் தலையில் கவிழ்த்துத் திருப்புகிற குட்டிக் குழாயான 10 நம்பர் சாக்கெட்டை வைத்தேன். அதைத் திருப்புகிற கைப்பிடியான என் ராட்செட்டின் முனையில் சாக்கெட்டைப் பிடித்து வைக்கிற சின்னக் குண்டு ஒன்று உண்டு. அது தேய்ந்து ரொம்ப நாளாகிறது. கையைத் திருப்பினேன். சாக்கெட் கழன்றது.

டங். டிங். அவ்வளவுதான்.

மூன்றாவது சத்தம் வரவில்லை. கீழே சிமென்ட் தரை. விழுந்திருந்தால் கணீரென்று கேட்டிருக்கும். ஆக, சாக்கெட் வண்டிக்குள்ளேயே எங்கோ உட்கார்ந்திருக்கிறது. டார்ச் அடித்துக் குப்புறப் படுத்துப் பார்த்தேன், மல்லாந்து படுத்தும் பார்த்தேன். கிடைத்தது முதுகுவலிதான்.

ஸ்டார்ட் செய்யப் பயமாக இருக்கிறது. பெல்ட் ஓடுகிற இடத்தில் கிடந்து, புல்லியில் சிக்கினால் போச்சு. நாளையிலிருந்து மெட்ரோ.

1 அக்டோபர், செவ்வாய்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸிலிருந்து லிங்கிச் செட்டித் தெருவுக்கு நடந்தேன். இரும்புச் சாமான், மெஷின் சாமான் என்று கேட்டால் அந்தத் தெருவில் கிடைக்காதது குறைவு. நான் கேட்டது காந்தக் குச்சி. பழைய ரேடியோ ஏரியல் மாதிரி இழுத்தால் நீளும், நுனியில் பட்டாணி அளவு காந்தம். 120 ரூபாய்.

கடைக்கார பாய் எடுத்துக் கொடுத்துவிட்டு, “விழுந்தது இரும்பு தானே? பித்தளை, அலுமினியம்னா இது வேலைக்காகாது. ஸ்டெயின்லெஸ்லயும் பாதி ஒட்டாது” என்றார். சாக்கெட் ஸ்டீல்தான். இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் 11 நம்பரில் வைத்துப் பார்த்தேன். பச்சக்கென்று ஒட்டியது.

தனி 10 நம்பர் சாக்கெட் ஒன்றும் வாங்கியிருக்கலாம். பாய் எடுத்துக்கூடக் காட்டினார். வேண்டாம் என்றேன். ஆயுத பூஜை 11-ம் தேதி. டூல் பெட்டியைத் திறந்து சந்தனம் வைக்கும்போது 10 நம்பர் குழியில் பழைய சாக்கெட்தான் இருக்க வேண்டும். வீம்புதான், வேறென்ன.

2 அக்டோபர், புதன்

காந்தி ஜெயந்தி லீவு. கூடவே மகாளய அமாவாசை. காக்காவுக்குச் சோறு வைக்கிற வரைக்கும் ஸ்பேனரைத் தொடக் கூடாது என்று அம்மா உத்தரவு. காக்கா ஒன்றரை மணிக்குத்தான் மனம் இரங்கியது.

காந்தக் குச்சியோடு இறங்கினேன். எதிர்பார்க்காத தொல்லை ஒன்று: என்ஜின் அறைக்குள் எல்லாமே இரும்பு. குச்சியை உள்ளே விட்டால் போகிற வழியில் இருக்கிற சுவர், குழாய், கிளாம்ப் எல்லாவற்றையும் கட்டிப் பிடித்துக்கொள்கிறது. கல்யாண வீட்டுக்குள் நுழைந்த பெரியம்மா மாதிரி ஒவ்வொருவரிடமும் நின்று நின்று போகிறது. கடைசியில் மீன்தொட்டிக்கு வாங்கிய பிளாஸ்டிக் டியூபை ஒரு சாண் வெட்டிக் குச்சி மேல் உறைபோல மாட்டினேன். நுனி மட்டும் துளி வெளியே தெரிகிற மாதிரி. பக்கவாட்டில் இழுப்பது கணிசமாகக் குறைந்தது.

எதிர்வீட்டு அண்ணன் காசிமேட்டில் படகு வைத்திருப்பவர். திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இன்னா தம்பி, மீன் மாட்டிச்சா?”

“வாஷர்தான் மாட்டுதுண்ணா.”

“புரட்டாசில எவன் மீன் வாங்குறான். வாஷரே புடி.”

பிடித்தேன். இரண்டு வாஷர், ஒரு கிளிப், தலையறுந்த ஸ்க்ரூ ஒன்று, யாருடையதோ ஹேர்பின். பேட்டரித் தட்டுக்குக் கீழே குச்சியை விட்டபோது நுனி எதையோ கவ்விக்கொண்டு வர மறுத்தது. கனம் இருந்தது. சாக்கெட்தான் என்று நினைத்தேன். பேட்டரியைத் தூக்கி வைத்து, தட்டின் போல்ட்டையும் கழற்றினேன். கடல் காற்றில் துரு ஏறிய போல்ட், அதற்கே முக்கால் மணி நேரம். இத்தனை வருடத்தில் பேட்டரி மூன்று முறை மாற்றியிருக்கிறேன், தட்டைக் கழற்றியதில்லை.

தட்டுக்கும் பாடிக்கும் நடுவே சேறும் எண்ணெயும் இறுகிக் கிடந்தன. அதில் புதைந்து கிடந்தது ஒரு 10-11 ஓப்பன் ஸ்பேனர். என்னுடையது இல்லை. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்த்ததும் நடுவில் மஞ்சள் பெயின்ட் பட்டை ஒன்று தெரிந்தது.

சாக்கெட் இல்லை.

6 அக்டோபர், ஞாயிறு

இன்று மெரினாவில் விமானப் படையின் சாகச நிகழ்ச்சி. தெருவில் பாதிப் பேர் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். நான் மொட்டை மாடியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியோடு உட்கார்ந்துவிட்டேன். சாக்கெட் வேட்டையை நிறுத்திவிட்டு மிஸ்ஸிங் வேலையை முடிக்கலாம் என்று எண்ணம். பிளக் மூன்றையும் கழற்றித் துடைத்தேன். நடுபிளக் கரி பிடித்துக் கறுப்பாக இருந்தது. குற்றவாளி அதுதான் போலிருக்கிறது. பிளக் இல்லாத ஓட்டைகளில் துணி அடைத்துவைத்தேன். அதற்குள் ஒரு நட்டு விழுந்தால் நேராக பிஸ்டன் தலையில் போய் உட்காரும். அது தெரியாமல் செல்ஃப் அடித்தால் அப்புறம் என்ஜினையே இறக்க வேண்டியதுதான்.

அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தவன், ஏர் கிளீனரை எடுத்த பிறகு கார்புரேட்டரின் வாயை மட்டும் திறந்தபடி விட்டேன். சரியாக அப்போது தலைக்கு மேல் வானம் கிழிகிற சத்தம். அண்ணாந்து பார்த்தேன். கையிலிருந்த வாஷர் நழுவியது. சத்தமே இல்லை.

என் மகன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து விமானம் ஓட்டிக்கொண்டிருந்தான். ஆக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்து.

“காலை எடுடா!” என்று நான் கத்தியதில் எதிர்வீட்டு நாய் எழுந்துவிட்டது.

கார்புரேட்டரின் தொண்டையில் கீழே ஒரு வட்டத் தகடு உண்டு. ஆக்ஸிலரேட்டரை விட்டிருக்கும்வரை அது மூடியே இருக்கும், விழுந்தது அதன்மேல் நிற்கும். மிதித்தால் தகடு திரும்பி வழிவிடும். அந்த வழி மேனிஃபோல்டுக்குப் போகிறது, அங்கிருந்து வால்வுக்கு. டார்ச் அடித்தேன். வாஷர் தகட்டின் மேல் சாய்வாக நின்றிருந்தது, தங்க நிறத்தில். பித்தளை. காந்தக் குச்சியை நீட்டினால் பாய் சொன்ன மாதிரியே கண்டுகொள்ளவில்லை.

இடுக்கி போகாது. கை போகாது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “சாந்துப் பொட்டு தொட்டு எடுக்கிற மாதிரி எடேண்டா” என்றார். ஊதுபத்திக் குச்சியின் நுனியில் கெட்டி கிரீஸை உளுந்தளவு வைத்து இறக்கினேன். முதல் தடவை கிரீஸ் சுவரில் பட்டுத் தேய்ந்தது. இரண்டாவதில் வாஷர் ஒட்டி, பாதி வழியில் விழுந்தது. மூன்றாவதில் மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கினேன். வந்துவிட்டது. இரும்புக்குக் காந்தம், மற்றதற்கெல்லாம் கிரீஸ். ரிப்பேர் வீடியோ போடுகிறவர்கள் இதையெல்லாம் ஏன் காட்டுவதில்லை? அவர்கள் கையிலிருந்து எதுவுமே விழுவதில்லையோ என்னவோ.

ஜெட் விமானம் எதுவும் பார்க்கவில்லை. வண்டி மட்டும் நடுங்காமல் ஓடுகிறது.

9 அக்டோபர், புதன்

முனையில் இருக்கும் மெக்கானிக் அண்ணன் கடைக்குப் போனேன். பூஜை வருவதால் கடையைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் இந்த வண்டியை வாங்கியது 2015-இல், பக்கத்துத் தெருவில் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரிடம். அவர் காலத்தில் இது அண்ணன் கையில்தான் சர்வீஸ் ஆனது. அதனால் ஸ்பேனர் அவருடையதாக இருக்கலாம் என்று எடுத்துப்போனேன்.

கையில் வாங்கியவர் மஞ்சள் பட்டையைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

“எங்க இருந்துச்சு?”

“பேட்டரித் தட்டுக்கு அடியில.”

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். மஞ்சள் பெயின்ட் அவர் கடை அடையாளமாம். பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு ஒரு பையன் வேலைக்கு இருந்தான். வியாசர்பாடிப் பக்கத்துப் பையன். இந்த செட்டில் 10-11 காணாமல் போனது. பையன் காயலாங்கடையில் போட்டுவிட்டான் என்று இவர் முடிவு கட்டினார். அவன் இல்லை என்றான். ஒரு வாரச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்.

“அடிச்சீங்களா?” என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

“ஒரு தடவ” என்றார். “மறுநாள்லேர்ந்து வர்ல.”

ஹோஸிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. நான்தான் எழுந்து நிறுத்தினேன். டீ வாங்கிவரச் சொல்லி யாரிடமோ குரல் கொடுத்தார். டீ வருவதற்குள் நான் கிளம்பிவிட்டேன். ஸ்பேனரைத் திருப்பிக் கேட்கவில்லை.

11 அக்டோபர், வெள்ளி

ஆயுத பூஜை. வண்டிக்கு வாழைக்கன்று, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், பொரி, பொட்டுக்கடலை, எல்லாம் ஆயிற்று. பெட்டியில் 10 நம்பர் குழி காலிதான். மகன் அதில் ஒரு பொரியை வைத்து அதற்கும் குங்குமம் வைத்தான். பூசணிக்காயை நடுரோட்டில் உடைத்துவிட்டுப் போகிறவர்களைத் திட்டிக்கொண்டே, வீட்டு முன்னால் சிதறிக் கிடந்ததை நானே பெருக்கினேன்.

சாயங்காலம் பொரி கொடுக்க அண்ணன் கடைக்குப் போனேன். ஸ்பேனர்கள் எல்லாம் பலகையில் வரிசையாகச் சந்தனத்தோடு இருந்தன. அந்த 10-11 மட்டும் வரிசையில் இல்லை. சாமி படத்துக்குப் பக்கத்திலும் இல்லை. சட்டைப் பையில் வைத்திருந்தார், முனை வெளியே தெரிந்தது.

13 அக்டோபர், ஞாயிறு

அண்ணன் கடை மூடியிருந்தது. பக்கத்து டீக்கடையில் கேட்டேன். செங்குன்றம் போயிருக்கிறாராம். அங்கே யாரோ பழைய பையன் சொந்தமாகக் கடை போட்டிருக்கிறானாம், விலாசம் விசாரித்து வாங்கிக்கொண்டு காலையிலேயே வண்டி எடுத்தாராம்.

15 அக்டோபர், செவ்வாய்

விடியற்காலையிலிருந்து கொட்டுகிறது. பள்ளிக்கூடம் லீவு. தண்ணீர் ஏறுவதற்குள் வண்டியைக் கொஞ்சம் மேடான இடத்தில் விடலாம் என்று ஓட்டிப்போனேன். முனையில் அண்ணன் கடை பாதி ஷட்டரோடு திறந்திருந்தது. உள்ளே நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் ஒன்றும் இல்லை.

கண்ணாடியை இறக்கினேன்.

“போய்ட்டு வந்தீங்களாண்ணா?”

“ம்.” கொஞ்சம் பொறுத்து, “உன் சாக்கெட் கெடச்சுதா?” என்றார்.

“இல்லண்ணா. ஆனா லெஃப்டுல திரும்பும்போது மட்டும் எதுவோ உருள்ற சத்தம் கேக்குது.”

குடையை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

“இன்னொரு வாட்டி திருப்பு” என்றார்.