விஸ்கான்சினில் சுட்ட ஓநாய்கள்

ஓநாய் பெருகிவிட்டது, சுட்டுத்தான் குறைக்கணும் என்பவர்கள் 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடந்ததைப் பார்க்க வேண்டும். உரிமம் பெற்ற வேட்டைக்காரர்களுக்கு அரசு ஒதுக்கியது 119 ஓநாய்கள், ஆனால் மூன்று நாள்கூட முழுசாக ஆகாமல் 218 ஓநாய்களைக் கொன்றுவிட்டார்கள், அதுவும் இனப்பெருக்கக் காலத்தில், வேட்டைநாய்களை விட்டுத் துரத்தி. ஓநாயை உடன்பிறப்பாக நினைக்கும் ஒஜிப்வே பழங்குடியினர் தங்கள் பங்கான 81ஐக் கொல்ல மறுத்திருந்தார்கள்.

கன்றைப் பறிகொடுத்த விவசாயியின் வலி புரிகிறது, சரி, அவருக்கு இழப்பீடு உடனே கிடைக்கணும். ஆனால் அங்கே ஓநாய்கள் வந்த மாவட்டங்களில் மான்மேல் வண்டி மோதும் விபத்துகள் சுமார் 24 சதவீதம் குறைந்ததாக அதே ஆண்டு ஓர் ஆய்வும் வந்தது. மாட்டுப்பக்கமே வராத கூட்டங்களையும் சேர்த்துச் சுட்டதுதான் எனக்கு ஆறவே இல்லை.