தாழ்ப்பாள் இல்லாத கதவு

கல்லூரியில் படித்த மூன்று ஆண்டுகளும், காலையில் பேருந்து ஏறிய பிறகு தண்ணீர் குடிப்பதில்லை என்பதை ஒரு விரதம் போலவே கடைப்பிடித்தேன். எங்கள் தளத்துக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. தோழி ஒருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும், குழாயில் தண்ணீர் வருவதோ அன்றைய அதிர்ஷ்டம். இரண்டாம் ஆண்டுத் தேர்வின்போது சிறுநீர் சொட்டுச் சொட்டாக எரிச்சலுடன் போனது. பாட்டி அதை நீர்க்கடுப்பு என்று சொல்லி இளநீர் வாங்கித் தந்தார்; மருத்துவர் சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார்.

அசுத்தமான கழிப்பறையிலிருந்து நோய் தொற்றிவிடும் என்றே நாங்கள் அனைவரும் அஞ்சினோம். ஆனால் எனக்கு வந்தது போன்ற சிறுநீர்ப் பாதைத் தொற்றைப் பெரும்பாலும் உண்டாக்கும் ஈ.கோலை கிருமி நம் குடலிலேயே வாழ்கிறது. பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் சுமார் 4 செ.மீ. நீளமே என்பதால், அக்கிருமி சிறுநீர்ப்பையை எளிதில் எட்டிவிடுகிறது. குறைவாகக் குடித்து, மணிக்கணக்கில் அடக்கிவைத்தால், அதை அடித்துச் செல்ல வேண்டிய நீரோட்டமும் நின்றுபோகிறது. அடிக்கடி தொற்றுக்குள்ளான, குறைவாகத் தண்ணீர் குடித்துவந்த 140 பெண்களிடம் நடத்தி 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நாளொன்றுக்கு 1.5 லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்குத் தொற்று ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

இளம்பெண்களிடம் இத்தொற்றுக்கான முக்கியக் காரணிகளுள் ஒன்றான உடலுறவைப் பற்றி, திருமணமாகாத மாணவியிடம் நம் ஊரில் எவரும் கேட்பதில்லை, என்னிடமும் கேட்கவில்லை.