ஹார்மோன் மாத்திரையைச் சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள்

ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்தபின் கையில் மிஞ்சுவது தினம் ஒரு சின்ன மாத்திரை. மற்றவற்றோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை என்றுதான் சுற்றியிருப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் ஹார்மோன் ஏற்பி (செல்லில் ஹார்மோன் வந்து ஒட்டும் இடம்) உள்ள மார்பகப் புற்றுநோயில் இந்த மாத்திரை செய்யும் வேலை மிகப் பெரியது. இந்த வகை மாத்திரைகளில் ஒன்றான டமாக்சிஃபென்னை 5 வருடம் ஒழுங்காகச் சாப்பிட்டால், அந்த 5 வருடங்களில் நோய் திரும்பும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது, அடுத்த 5 வருடங்களிலும் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. 15 வருடக் கணக்கில் இந்த நோயால் நேரும் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இத்தனை பலன் இருந்தும் கணிசமானவர்கள் இதை நடுவில் விட்டுவிடுகிறார்கள். அதுவும் டாக்டரிடம் சொல்லாமல். "இப்படி வலியோடு வாழ்வதற்கு மாத்திரையே வேண்டாம்" என்று ஒருநாள் தோன்றும், டப்பா அலமாரிக்குள் போய்விடும். அந்த வலியைக் குறைக்கப் பெரும்பாலும் வழி இருக்கிறது. அது தெரியாமலே நிறுத்திவிடுகிறார்களே என்பதுதான் வேதனை.

முதலில் பயாப்சி ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, ப்ரோஜெஸ்டரோன் ஏற்பி இரண்டுக்கும் ஒரு சதவீதம் போட்டிருக்கும். புற்றுச் செல்களில் 1 சதவீதத்துக்கு இருந்தாலே பாசிட்டிவ் என்று எழுதுவார்கள். ஆனால் 95 சதவீதமும் 3 சதவீதமும் ஒன்றல்ல. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி 1 முதல் 10 சதவீதம் வரை இருந்தால் 'குறைந்த பாசிட்டிவ்' என்று தனியாகக் குறிப்பார்கள், அதில் ஹார்மோன் சிகிச்சையின் பலன் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாதது. பக்கவிளைவு தாங்க முடியாமல் நிறுத்தலாமா என்று டாக்டரோடு பேசும் நாள் வந்தால், இந்த எண் அந்தப் பேச்சில் முக்கியமாக இருக்கும். ரிப்போர்ட்டின் நகல் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

மருந்துகள் இரண்டு விதம். டமாக்சிஃபென், தினம் 20 மி.கி. இது உடலில் ஈஸ்ட்ரோஜனைக் குறைப்பதில்லை. மார்பகச் செல்லில் ஈஸ்ட்ரோஜன் போய் ஒட்டும் இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. மாதவிடாய் நின்றிருந்தாலும் நிற்காவிட்டாலும் கொடுக்கலாம். இன்னொரு விதம் அரோமடேஸ் தடுப்பிகள்: லெட்ரோசோல் 2.5 மி.கி., அனஸ்ட்ரோசோல் 1 மி.கி., எக்ஸிமெஸ்டேன் 25 மி.கி. எக்ஸிமெஸ்டேனை மட்டும் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் உடல் அதைச் சரியாக ஏற்காது. மாதவிடாய் நின்றபிறகும் கொழுப்பிலும் தசையிலும் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் உருவாகிக்கொண்டே இருக்கும். அதை உருவாக்கும் நொதியை இந்த மருந்துகள் முடக்குகின்றன.

இங்கே ஒரு ஆபத்தான இடம் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சினைப்பை வேலை செய்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு அரோமடேஸ் தடுப்பியை மட்டும் தனியாகக் கொடுத்தால் பலன் இல்லை. ஈஸ்ட்ரோஜன் குறைவதை மூளை கவனித்து, சினைப்பையை இன்னும் வேகமாக முடுக்கிவிடும். கீமோவுக்குப் பின் மாதவிடாய் நின்றுபோனவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். ரத்தப்போக்கு இல்லை என்பதாலேயே சினைப்பை ஓய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. 45 வயதுக்காரருக்கு ஒரு வருடம் வராமல் இருந்துவிட்டு, லெட்ரோசோல் ஆரம்பித்தபின் சினைப்பை மறுபடி விழித்துக்கொள்வது நடக்கக்கூடியதே. அதனால் மாதவிடாய் நிற்காதவர்களுக்கும், நின்றதா என்று உறுதியாகத் தெரியாதவர்களுக்கும் சினைப்பையை அடக்கும் ஊசி சேர்த்துப் போடுவார்கள். கோசெரெலின் 3.6 மி.கி. என்றால் 28 நாளைக்கு ஒருமுறை, வயிற்றுத் தோலுக்கு அடியில். ஊசி சற்றுத் தடிமனானது. மரத்துப்போகச் செய்யும் கிரீமை முன்கூட்டியே தடவிக்கொண்டு போகலாமா என்று கேளுங்கள். முதல் ஊசி போட்டதும் ஹார்மோன் சில நாள் ஏறி, அதன் பிறகே இறங்கும். மாத்திரையைச் சில வாரம் கழித்து ஆரம்பிப்பதற்கு அதுவே காரணம். 28 நாள் என்றால் 28 நாள்தான், பயணத்துக்காகத் தள்ளிப்போட வேண்டாம். நடுவில் ஒருமுறை ரத்தப்போக்கு வந்தால் உடனே சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் அளவைப் பார்க்கும் எஸ்ட்ராடியோல் ரத்தப் பரிசோதனை எழுதினால், மிகக் குறைந்த அளவையும் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் செய்ய முடியுமா என்று கேட்பது நல்லது. சாதாரண முறை அத்தனை குறைந்த அளவில் தவறாகக் காட்டலாம், எக்ஸிமெஸ்டேன் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் கூடுதலாக.

இனி வலி. அரோமடேஸ் தடுப்பி சாப்பிடுபவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு மூட்டுவலி வருகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதங்களில் தலைகாட்டி, ஆறாம் மாதவாக்கில் உச்சத்துக்குப் போகும். அதன் அடையாளம் காலை நேரம். கட்டிலைவிட்டு இறங்கி முதல் பத்து அடி வைக்கும்போது பாதமும் முழங்காலும் விறைத்திருக்கும். கையை முஷ்டியாக மடக்கப் பார்த்தால் விரல்நுனி உள்ளங்கையைத் தொடாது. சிலருக்கு ஒரு விரல் மடங்கியபடியே மாட்டிக்கொண்டு, நீட்டும்போது 'டிக்' என்று விடுபடும். சிலருக்கு ராத்திரி கட்டைவிரல் பக்கம் மரத்துப்போகும். அது மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதால் வருவது. தூங்கும்போது மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை கட்டினாலே பலருக்குக் குறைகிறது.

ஓய்வெடுத்தால் இந்த வலி குறைவதில்லை, கூடுகிறது. ஆராய்ச்சியில் நன்றாக நிரூபிக்கப்பட்ட மருந்து உடற்பயிற்சிதான்: வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை, கூடவே வாரம் இரண்டு முறை எடை தூக்கும் பயிற்சி. ஒரு வருடம் இப்படிச் செய்தவர்களுக்கு வலியின் உச்ச அளவு சுமார் 30 சதவீதம் இறங்கியது. 'ஆபரேஷன் ஆன கையால் எடை தூக்கக் கூடாது' என்று இன்னமும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மிகக் குறைந்த எடையில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டினால், ஆபரேஷனுக்குப் பின் நிணநீர் தேங்கி வரும் கைவீக்கம் மோசமாவதில்லை. ஏற்கெனவே வீக்கம் இருந்தால் அழுத்த உறை போட்டுக்கொண்டு பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் செய்யுங்கள்.

அதிலும் அடங்காவிட்டால் மருந்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். இதைப் பலர் கேட்பதே இல்லை. சில வாரம் இடைவெளி விட்டுப் பார்த்தால் வலி மாத்திரையால்தானா என்பது தெரிந்துவிடும். பிறகு லெட்ரோசோலிலிருந்து அனஸ்ட்ரோசோலுக்கோ எக்ஸிமெஸ்டேனுக்கோ மாறலாம். மூன்றும் ஒரே வேலையைச் செய்தாலும் ஒன்றைத் தாங்காத உடம்பு இன்னொன்றைத் தாங்குவது சகஜம். எதுவுமே ஒத்துவராவிட்டால் டமாக்சிஃபென் இருக்கிறது. வலிக்கு டுலாக்செட்டின் என்ற மனஅழுத்த மருந்து உதவும், ஆனால் டமாக்சிஃபென்னுக்கு மாறினால் அதையும் மறுபடி யோசிக்க வேண்டும். காரணம் கீழே. வைட்டமின் டி, தைராய்டு இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அவற்றின் குறையும் இதே வலியைத் தரும்.

திடீரென்று முகமும் கழுத்தும் அனலாகி வியர்த்துக்கொட்டுவது இரண்டு வகை மருந்திலும் வரும். அதற்கு வென்லாஃபாக்சின், கபாபென்டின், ஆக்ஸிபியூட்டினின் ஆகியவை உண்டு. இரவில் வியர்த்துத் தூக்கம் கெடுகிறவர்களுக்குப் படுக்கும்முன் கபாபென்டின் பொருத்தமாக இருக்கும், அது தூக்கத்தையும் தரும். ஒரு எச்சரிக்கை: பராக்செட்டின், ஃபுளுவாக்செட்டின், புப்ரோபியான் ஆகிய மனஅழுத்த மருந்துகளை டமாக்சிஃபென்னோடு சேர்க்கக் கூடாது. டமாக்சிஃபென் கல்லீரலில் சி.ஒய்.பி. 2டி6 என்ற நொதியால் எண்டாக்சிஃபென்னாக மாறியபிறகுதான் முழு வீரியத்தோடு வேலை செய்யும். இவை அந்த நொதியை அடைத்துவிடும். டுலாக்செட்டினும் ஓரளவு அடைக்கும். வேறு டாக்டர் எந்த மருந்து எழுதினாலும் டமாக்சிஃபென் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மூலிகை என்று விற்கும் மாதவிடாய்க்கால மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் போலவே செயல்படும் பொருள்கள் இருக்கலாம். சோயாவை உணவாகச் சாப்பிடுவதில் தவறில்லை, செறிவூட்டிய சோயா மாத்திரை வேண்டாம்.

பிறப்புறுப்பு வறட்சியைப் பற்றிக் கேட்கக் கூச்சப்பட்டே பலர் வருடக்கணக்கில் அவதிப்படுகிறார்கள். ஹயலுரோனிக் அமிலம் கலந்த ஈரப்பதக் களிம்பை, உறவு இருக்கிறதோ இல்லையோ, வாரம் இரண்டு மூன்று முறை தொடர்ந்து பயன்படுத்த வேண்டும். உறவின்போது உராய்வைக் குறைக்கும் ஜெல் வேறு, அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் கலந்தது ஆணுறையைக் கிழித்துவிடும். ஈஸ்ட்ரோஜன் களிம்பைப் புற்றுநோய் மருத்துவர் சொல்லாமல் வாங்க வேண்டாம், குறிப்பாக அரோமடேஸ் தடுப்பி சாப்பிடும்போது.

டமாக்சிஃபென்னில் மூட்டுவலி குறைவு, ஆனால் உடனே கவனிக்க வேண்டிய இரண்டு உண்டு. ஒரு கால் மட்டும் கெண்டைப் பக்கம் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, அது ரத்தக்கட்டியாக இருக்கலாம்; விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். பெரிய ஆபரேஷனுக்கு முன் இந்த மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். இரண்டாவது, மாதவிடாய் நின்றபின் ஒரு துளி ரத்தம் பட்டாலும் கர்ப்பப்பையைப் பரிசோதிக்க வேண்டும். அறிகுறி எதுவும் இல்லாமல் வருடாவருடம் ஸ்கேன் எடுப்பதால் நன்மை இல்லை. இந்த மருந்து உள்சுவரைத் தடித்ததுபோலக் காட்டும். வீண் பயமும் தேவையில்லாத பயாப்சியும்தான் மிஞ்சும்.

டமாக்சிஃபென்னால் மாதவிடாய் தாறுமாறானாலும் கரு தரிக்கலாம், அந்தக் கருவுக்கு இந்த மருந்து ஆபத்து. கருத்தடைக்கு ஹார்மோன் இல்லாத முறைதான், காப்பர்-டி அல்லது ஆணுறை. குழந்தை வேண்டும் என்பவர்கள் அந்த ஆசையை முதல் நாளே சொல்லிவிடுங்கள். தொடக்க நிலை நோயில் 18 முதல் 30 மாதம் வரை சிகிச்சை எடுத்தபின் இரண்டு வருடம் வரை நிறுத்தி, பிரசவத்துக்குப் பின் மறுபடி தொடர்ந்தவர்களிடம் குறுகிய காலத்தில் நோய் திரும்புவது கூடவில்லை என்று ஆய்வு காட்டியிருக்கிறது. திட்டமிட்டு நிறுத்துவதற்கும் திடீரென்று விட்டுவிடுவதற்கும் உள்ள தூரம் இதுதான்.

ஒருநாள் மறந்துபோனால் பதற வேண்டாம். டமாக்சிஃபென் உடலில் பல நாள் தங்கும். ஞாபகம் வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த நாளே வந்துவிட்டால் வழக்கமான ஒன்று மட்டும். இரண்டாகப் போட வேண்டாம். டமாக்சிஃபென்னை எந்த நேரத்தில் போட்டாலும் ஒன்றுதான், காலையில் குமட்டினால் இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எலும்பு சத்தமில்லாமல் தேயும். அரோமடேஸ் தடுப்பி ஆரம்பிக்கும்போதே எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்து, பிறகு ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை பாருங்கள். அதில் வரும் டி-ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5-ஐ எட்டினாலோ அதற்குக் கீழே போனாலோ எலும்புப்புரை. சாப்பாட்டையும் மாத்திரையையும் சேர்த்து நாளைக்கு 1000 முதல் 1200 மி.கி. கால்சியம் போதும். எலும்பைக் காக்க சோலெட்ரோனிக் அமிலம் 4 மி.கி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தநாளத்தில் ஏற்றுவார்கள், அல்லது டெனோசுமாப் 60 மி.கி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கு அடியில் போடுவார்கள். எதுவானாலும் முதல் ஊசிக்கு முன் பல் டாக்டரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கி முடித்துவிடுங்கள். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

5 வருடம் முடிந்ததும் எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. இந்த வகைப் புற்றுநோய் 20 வருடம் கழித்தும் திரும்பக்கூடியது. நிணநீர்க் கணுக்களில் பரவியிருந்தவர்களுக்கு 7 அல்லது 10 வருடம் வரை நீட்டிப்பதில் அர்த்தம் இருக்கிறது. கட்டி சிறியதாக, கணு சுத்தமாக இருந்தவர்கள் 5 வருடத்தோடு நிறுத்தலாம். நிறுத்தினாலும் வருடாந்திர மேமோகிராம் தொடர வேண்டும். டெனோசுமாப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் மாத்திரையோடு சேர்த்து அந்த ஊசியையும் சட்டென்று விட்டுவிடக் கூடாது. விட்ட ஒரு வருடத்துக்குள் முதுகெலும்புகள் வரிசையாக நொறுங்கியவர்கள் உண்டு. கடைசி ஊசி போட்டு ஆறு மாதம் ஆகும்போது அதற்குப் பதிலாக சோலெட்ரோனிக் அமிலம் ஏற்ற வேண்டும், அந்தத் தேதியை இப்போதே டாக்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.