கானா நோட்டுகள்: எட்டு மாதத்தில் எவ்வளவு தூரம்

ஆல்பத்தில் இன்னும் இரண்டு உறைகள் காலி. எட்டு மாதங்களுக்கு முன் நானே போட்டுக்கொண்ட விதி எளிது: கானாவின் பணம் எப்போதெல்லாம் மாறியதோ, அந்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நோட்டு. மடிப்பு இருக்கலாம், ஒட்டுநாடா கூடாது.

கானாவின் பணத்துக்குப் பெயர் சீடி. 2007 ஜூலையில் 10,000 பழைய சீடிகளை ஒரு கானா சீடியாகச் சுருக்கினார்கள். ('செடி' என்று எழுதினால் தோட்டக்கலைக் குறிப்பு என்று யாராவது ஆவலோடு படித்துவிடுவார்கள். சோழியைக் குறிக்கும் அக்கான் மொழிச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.) இசையமைப்பாளர் எஃப்ரைம் அமுவின் படம் போட்ட 20,000 சீடி நோட்டு முதல் வாரத்திலேயே கிடைத்துவிட்டது. அதன் பக்கத்தில், அதே மதிப்புள்ள 2 கானா சீடி நோட்டு. இது 2010இல் வந்தது; கானாவின் முதல் அதிபர் குவாமே நிக்ரூமாவின் பிறப்பு நூற்றாண்டு நினைவாக அவர் முகத்தைத் தாங்கியிருக்கிறது.

அந்த முகம்தான் என்னைப் பின்னோக்கி இழுத்தது. அதுவரை இருந்த கானா பவுண்டை ஒதுக்கிவிட்டு 1965 ஜூலை 19 அன்று முதல் சீடியை வெளியிட்டபோது, நோட்டில் இருந்தவர் அவரே. ஒரு சீடிக்கு 100 பென்ஸ், அதாவது எட்டு ஷில்லிங் நான்கு பென்ஸ். ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ் என்பதால், பவுண்டுக்கு 2.40 சீடி. 1966 பிப்ரவரி 24 அன்று, அவர் ஹனோய் செல்லும் வழியில் இருந்தபோது, ராணுவமும் காவல்துறையும் ஆட்சியைக் கவிழ்த்தன. முகம் இல்லாத புதிய சீடி வந்ததோ 1967 பிப்ரவரியில். பதவி ஒரே நாளில் போயிற்று, முகம் போக ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று. கவிழ்த்தவர்களும் அதுவரை சம்பளத்தை அவர் முகத்தைப் பார்த்தே எண்ணியிருப்பார்கள்!

அவர் முகம் கொண்ட அந்த 1965இன் 1 சீடி நோட்டை வாங்கியதும் அவசரத்தில் மலிவான பிவிசி உறையில் போட்டேன். இரண்டு மாதம் கழித்து எடுத்தபோது ஒரு மூலை பிசுபிசுத்தது. பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் கசிந்து காகிதத்தில் ஏறியிருக்கிறது. துடைக்கத் துணியவில்லை; துடைத்தால் மை போய்விடும். இப்போது எல்லாமே பாலியெஸ்டர் உறைகளில்தான். விலை மூன்று மடங்கு, ஆனால் நிம்மதியாகத் தூக்கம் வருகிறது.

1979க்காக வைத்திருப்பது, முதியவர் ஒருவர் புகைக்குழல் பிடிக்கும் பழைய 10 சீடி. அந்த மார்ச்சில் பழைய நோட்டுகளைப் புதிய நோட்டுகளாக மாற்ற வந்தவர்களுக்கு, 5,000 சீடி வரை பத்துக்கு ஏழுதான் கொடுத்தார்கள். அதற்கு மேல் பத்துக்கு ஐந்து. என் நோட்டு கசங்கி, நடுவில் ஆழமாக மடிந்திருக்கிறது. யாரோ மாற்ற மறுத்து ஒளித்து வைத்ததாக நான் கற்பனை செய்துகொள்கிறேன். அநேகமாக மறந்துபோன சட்டைப்பை.

காலி உறைகளில் ஒன்று, 1982இல் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட 50 சீடிக்கு. மற்றொன்று 1958இன் ஒரு பவுண்டுக்கு. பவுண்டு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. விற்பவர் அனுப்பிய படத்தில் நோட்டு மேசைமேல் கிடக்கிறது. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து இன்னொரு படம் கேட்டிருக்கிறேன். ஊசித்துளைகள் அப்போதுதான் தெரியும். நான்கு நாட்களாகப் பதில் இல்லை.