குறுவைப் பரப்பு எவ்வளவு? யாரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது

"அக்கா, திருவாரூர் மாவட்டத்துக் குறுவைப் பரப்பு மூணு இடத்துல மூணு மாதிரி இருக்கு, எதை எடுக்கட்டும்?" ஆய்வு செய்கிற பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். குறுவை என்றால் காவிரி டெல்டாவில் ஜூன் வாக்கில் தொடங்கும் குறுகிய கால நெல். பெரும்பாலும் கேட்பதற்கு முன்பே ஒன்றை எடுத்திருப்பார்கள். எது எக்செல்லில் கிடைத்ததோ அது. ஸ்கேன் பண்ணிய பிடிஎஃப்பைப் பார்த்து உட்கார்ந்து தட்டச்சு செய்ய யாருக்குப் பொறுமை? அப்புறம் அட்டவணைக்குக் கீழே "ஆதாரம்: புள்ளியியல் துறை" என்று ஒற்றை வரி. எந்த அறிக்கை, எந்த ஆண்டு, தற்காலிக மதிப்பீடா இறுதி மதிப்பீடா, ஒன்றும் இருக்காது.

மூன்றில் ஒன்றுதான் உண்மை, மற்ற இரண்டும் தப்பு என்று நினைத்துத் தேட ஆரம்பித்தால் வழி தவறிவிடும். மூன்றும் அதனதன் அளவில் சரியாகவே இருக்கலாம், ஏனென்றால் மூன்றும் எண்ணியது ஒரே பொருளை அல்ல. எதை எண்ணினார்கள், எதற்காக எண்ணினார்கள், எண்ணியவருக்கு அந்த எண் கூடினால் லாபமா குறைந்தால் லாபமா என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பரப்பையே எடுத்துக்கொள்வோம். சீசன் நடக்கும்போது செய்தித்தாளில் "குறுவை சாகுபடி இலக்கைத் தாண்டியது" என்று வருவது வேளாண்மைத் துறையின் நடப்புக் கணக்கு. இலக்கு என்று ஒன்று மேலே உட்கார்ந்திருக்கும்போது கீழிருந்து வரும் எண் அதைப் பார்த்துக்கொண்டேதான் வரும். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, அந்தக் கணக்கு நிர்வாகத்துக்கானது. விதையும் உரமும் எங்கே அனுப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்ள வாராவாரம் ஓர் எண் வேண்டும், அவ்வளவுதான். பொருளியல் புள்ளியியல் துறையின் பருவ மற்றும் பயிர் அறிக்கை வேறு வகை. அது கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) எழுதும் அடங்கல் என்ற பயிர்ப் பதிவேட்டில் பிறந்து, தாலுகா வழியாக மேலே ஏறி, எல்லாம் முடிந்து தாமதமாக வெளியாகும். தாமதம்தான் அதன் பலவீனம், அதுவே பலமும். மூன்றாவது பயிர்க் காப்பீடு செய்த பரப்பு. அது பணம் கட்டிய பரப்பு. பயிரிட்ட பரப்புக்குக் குறைவாகவும் இருக்கலாம், சில கிராமங்களில் கூடுதலாகவும் இருக்கலாம், பயிரிடாத நிலத்துக்கும் சிலர் பணம் கட்டிவிடுவார்கள் என்று டெல்டாவில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதில் ஆண்டுக் கணக்கு வேறு குழப்பும். அடங்கல் வருவாய்த் துறையின் பசலி ஆண்டில் ஓடுகிறது, ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. ஆங்கில ஆண்டில் 590-ஐக் கழித்தால் பசலி வரும், ஜூலை 2024-ல் தொடங்கியது 1434-ஆம் பசலி. பம்புசெட் உள்ளவர் மே மாதமே நாற்று விட்டுவிடுவார், ஆற்றுத் தண்ணீரை நம்பியவர் மேட்டூர் அணை திறக்கும்வரை காத்திருப்பார். வழக்கமான தேதி ஜூன் 12. ஆனால் 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28-தான். ஆகவே பசலி மாறுகிற இடத்திலேயே குறுவை நிற்கிறது. எந்தப் பசலியில் சேர்த்திருக்கிறார்கள் என்று அறிக்கையின் முன்பக்கத்து விளக்கக் குறிப்பில் பாருங்கள். அந்த முன்பக்கங்களைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இன்னொன்று. 2024 மாதிரி தண்ணீர் தாமதமான ஆண்டில் குறுவையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு "டெல்டாவில் நெல் சாகுபடி சரிந்தது" என்று எழுதினால் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரர் சிரிப்பார். குறுவை போடாதவர் வயலைச் சும்மாவா விடுவார்? நேராக நீண்ட காலப் பயிரான சம்பாவுக்குப் போவார். குறுவை போட்டிருந்தால் அதே வயலில் அப்புறம் தாளடி வந்திருக்கும். அதனால் குறுவை குறையும், தாளடி குறையும், சம்பா கூடும். மூன்றையும் கூட்டினால் வருவது மொத்தச் சாகுபடிப் பரப்பு. இருபோகம் எடுத்த வயல் அதில் இரண்டு தடவை வரும். நிகரப் பரப்பில் ஒரே தடவை. எந்தப் பரப்பைப் பயன்படுத்துகிறோம் என்று சொல்லாமல் "ஒரு ஹெக்டேருக்கு வருமானம்" கணக்குப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

விளைச்சல் விஷயம் இதைவிடச் சுவாரசியம். மாவட்டத்தின் சராசரி மகசூல் என்று அச்சாகும் எண் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு பயிர் அறுவடைப் பரிசோதனைக்குப் போய் நில்லுங்கள். எந்தக் கிராமம், எந்த வயல், வயலுக்குள் மூலையிலிருந்து எத்தனை அடி என்பதெல்லாம் சமவாய்ப்பு எண்களை வைத்து முடிவாகும். பிறகு 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து நான்கு முளை அடித்து, கயிற்றைச் சுற்றி இழுத்துக் கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அங்கேயே அடித்து, தூற்றி, எடை போடுவார்கள். கயிற்றின் மேலேயே நிற்கும் குத்து உள்ளேயா வெளியேயா என்று ஒரு சின்ன வாக்குவாதம் வரும். அது வீண் வாக்குவாதம் இல்லை. 25 சதுர மீட்டரை ஹெக்டேருக்கு மாற்ற 400-ஆல் பெருக்க வேண்டும். தராசில் 12 கிலோ காட்டினால் ஹெக்டேருக்கு 4,800 கிலோ. ஒரு கிலோ கூடிக் குறைந்தால் 400 கிலோ. இதற்குமேல் ஈரப்பதத்துக்கான கழிவு.

முன்பெல்லாம் இந்தப் பரிசோதனைக்கு வயல்காரர் தவிர அதிகம் பேர் வந்து நிற்கமாட்டார்கள். பழைய காப்பீட்டுத் திட்டங்களும் இந்த எடையைப் பார்த்தன என்றாலும், 2016-ல் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்த பிறகு பெரும்பாலும் அதே எடையில்தான் ஊருக்கே இழப்பீடு வருமா வராதா என்பது தீர்மானமாகிறது. குறைந்தால் விவசாயிக்கு நல்லது, கூடினால் காப்பீட்டு நிறுவனத்துக்கு நல்லது, சாதனை சொல்ல வேண்டியவருக்கும் கூடினால் நல்லது. அத்தனை கண்களும் அந்த ஒரு தராசில். போதாக்குறைக்குக் கடந்த ஏழு ஆண்டுகளில் நல்ல ஐந்து ஆண்டுகளின் சராசரியை வைத்துத்தான் உத்தரவாத மகசூலை, அதாவது அதற்குக் கீழே போனால் இழப்பீடு என்கிற அளவை, கணக்கிடுகிறார்கள், ஆகவே இன்று எழுதும் எடை வரப்போகும் ஆண்டுகளையும் தொடும். இதற்காக அந்தத் தரவைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 2016-க்கு முன்னும் பின்னும் உள்ள மகசூல் எண்களை ஒரே தொடராக ஓட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள் என்கிறேன்.

கொள்முதல் எண்ணை உற்பத்தி என்று எழுதுபவர்களுக்குத் தனியாக ஒரு பத்தி தேவை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் வாங்கியது வாங்கியதுதான். வியாபாரிக்குப் போட்டது, வீட்டுக்கு வைத்தது, விதைக்கு எடுத்தது எதுவும் அதில் இல்லை. தனியார் விலை ஏறினால் கொள்முதல் குறையும், விளைச்சல் அப்படியே இருக்கும். ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மழையில் நனைந்த ஆண்டு மத்திய அரசு தளர்த்தினால் அதே நெல் உள்ளே போகும், தளர்த்தாவிட்டால் வெளியே குவியலாகக் கிடக்கும். அப்புறம் ஆண்டு: கொள்முதல் பருவம் அக்டோபரில் தொடங்குவதுதான் பழைய முறை, தமிழ்நாட்டுக்கு 2022-ல் இருந்து செப்டம்பர் 1-லேயே தொடங்க அனுமதி கொடுத்தார்கள். செப்டம்பர் என்றால் குறுவை அறுவடை மும்முரமாக நடக்கும் மாதம். ஒரு மாத நெல் ஒரு பருவத்திலிருந்து அடுத்த பருவத்துக்கு இடம் மாறியிருக்கிறது. வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு குதிப்பு தெரிந்தால் உடனே கொள்கையின் வெற்றி என்று எழுதிவிடாதீர்கள்.

நெல்லா அரிசியா என்பதையும் பாருங்கள். மத்திய அரசின் உணவு தானியத் தொகுப்பு அட்டவணைகள் அரிசிக் கணக்கில் இருக்கும், நிலையத்துக் கணக்கு நெல்லில் இருக்கும். பச்சரிசி என்றால் 67 சதவீதம், புழுங்கல் என்றால் 68 என்பது அரவைக்கு வைத்திருக்கும் விகிதம். உற்பத்தியை அரிசியிலும் கொள்முதலை நெல்லிலும் வைத்து வகுத்தால் விற்பனை விகிதம் ஒன்றரை மடங்காகத் தெரியும்.

களத்தில் விவசாயிகளிடம் நீங்களே கேட்டு எழுதும்போது அலகுதான் முதல் பொறி. "மாவுக்குப் பத்து மூட்டை கண்டுச்சு" என்பார் அய்யா. மா என்றால் 33 சென்ட், மூட்டை 60 கிலோ. 600 கிலோவை ஏக்கருக்கு மாற்றினால் சுமார் 1,800, ஹெக்டேருக்குச் சுமார் 4,500. அவரே கொள்முதல் நிலையத்தைப் பற்றிப் பேசும்போது 40 கிலோ சிப்பத்தைத்தான் மூட்டை என்பார். படிவத்தில் "மூட்டை" என்று மட்டும் எழுதிக்கொண்டு வந்துவிட்டால் வீட்டில் உட்கார்ந்து அதைப் பிரிக்க வழியே இல்லை. அங்கேயே, "எத்தனை கிலோ மூட்டைங்க?" என்று கேட்டுவிடுங்கள்.

மாவட்ட எல்லையைப் பற்றிக் கொஞ்சம். பழைய தஞ்சாவூர் 1991-ல் பிரிந்து நாகப்பட்டினம் வந்தது, 1997-ல் திருவாரூர், 2020-ல் மயிலாடுதுறை. திருவாரூர் உருவானபோது பெரும்பகுதி நாகையிலிருந்தும் வலங்கைமான் தஞ்சாவூரிலிருந்தும் போனது. அதனால் நாகையையும் திருவாரூரையும் கூட்டினால் பழைய நாகை வந்துவிடும் என்று நினைத்தால் வராது. 2020-க்குப் பிறகு நாகையின் நெல் பரப்பு குறைந்ததற்குப் பருவநிலை மாற்றத்தைக் காரணம் காட்டிய கட்டுரை ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. மயிலாடுதுறை தனியாகப் போனது எழுதியவருக்குத் தோன்றவே இல்லை. நீண்ட தொடர் வேண்டுமென்றால் நான்கையும் கூட்டிப் பழைய தஞ்சாவூராகவே வைத்துக்கொள்வதுதான் எனக்குப் பிடித்த வழி. இக்ரிசாட் என்ற பன்னாட்டு வேளாண் ஆய்வு நிறுவனம் 1966 எல்லைக்கே எல்லா மாவட்டங்களையும் திரும்பக் கொண்டுபோய்த் தொகுத்த தரவும் இலவசமாகக் கிடைக்கிறது. அதிலும் பிரித்துப் பகிர்ந்த எண்கள் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். அதற்கும் பின்னால் போகிறீர்கள் என்றால் 1974-ல் புதுக்கோட்டைக்கு ஒரு பகுதி போனதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மக்கள்தொகை வேண்டுமா, 2011-தான் இன்றும் கையில் இருக்கும் கடைசி முழுக் கணக்கெடுப்பு. திருவாரூர் 12,64,277 பேர் என்பதெல்லாம் அப்போதைய எண். அதற்குப் பிந்தைய "மக்கள்தொகை" எதைப் பார்த்தாலும் அது யாரோ நீட்டிப் போட்ட மதிப்பீடு. யார், எந்த வளர்ச்சி விகிதத்தில் என்று கேளுங்கள். வேலை நிலவரத்துக்கு பி.எல்.எஃப்.எஸ். என்ற காலமுறைத் தொழிலாளர் ஆய்வு இருக்கிறது, 2017-18 முதல். மாநில அளவுக்கு நல்ல தரவு. 2025 ஜனவரியில் மாதிரி எடுக்கும் முறையையே மாற்றிவிட்டார்கள், பழையதோடு ஒட்டும்போது அதைச் சொல்ல வேண்டும். பழைய ஆண்டுகளின் அலகுநிலைத் தரவில் (குடும்பம் குடும்பமாக உள்ள மூலத் தரவு) மாவட்டக் குறியீடு இருக்கிறது என்பதற்காக நாகை மாவட்டத்துப் பெண்களின் வேலையின்மை விகிதத்தைத் தசமப் புள்ளியோடு எழுதாதீர்கள், பின்னால் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் கை தானாக நின்றுவிடும்.

கூலித் தரவில் எனக்கு ஒரு தனி மனக்குறை. அட்டவணைகள் எல்லாம் நாள் கூலியில் இருக்கின்றன. இங்கே நடவைப் பெரும்பாலும் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி ஒரு குழுவிடம் விடுகிறார்கள், அறுவடைக்குச் செயின் வண்டி என்கிற அறுவடை இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை. அறுவடைக் கூலி ஏறியது, இறங்கியது என்று வரைகிற கோடு, இப்போது மிகக் குறைவாக நடக்கிற ஒரு வேலையின் விலை.

குத்தகை இன்னும் மோசம். கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூரில் இருப்பவர் நிலம் என்று டெல்டாவில் குத்தகை இல்லாத ஊர் உண்டா? பெரும்பாலும் வாய்ப்பேச்சு. அடங்கலில் உழுபவர் பெயர் ஏறாது, நிலக்காரர் ஏற விடமாட்டார். தேசிய மாதிரி ஆய்வு விவசாயக் குடும்பங்களின் நிலையை 2003, 2013, 2019 என மூன்று முறை அளந்திருக்கிறது. 2003-ல் கையில் நிலம் இருக்க வேண்டும் என்றது, 2013-ல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டு விளைபொருளின் மதிப்பு ஆண்டுக்கு 3,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் போதும் என்றது, 2019-ல் அதை 4,000 ஆக்கியது. மூன்று வரையறை, மூன்று கூட்டம். இவற்றை ஒரே கோட்டில் வைத்து விவசாயி வருமானம் இத்தனை சதவீதம் உயர்ந்தது என்று பேசுவது மேடைக்குச் சரி.

குத்தகைக்குக் கிராம ஆய்வுகளைத்தான் நான் நம்புவேன். நாகை மாவட்டத்துப் பாலக்குறிச்சியைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் மாணவர்களை வைத்து ஆராய்ந்தார், 1930-களில் மறு ஆய்வு நடந்தது, 2019-லும் ஒரு ஆய்வுக் குழு போனது. ஒரே ஊரை நூறு ஆண்டு இடைவெளியில் பார்க்க முடிகிறது. ஒரு கிராமம் மாவட்டத்தைக் காட்டாது, உண்மைதான், ஆனால் எந்தக் கேள்வியை மாவட்ட அட்டவணை கேட்கவே இல்லை என்பதைக் காட்டிவிடும்.

கடைசியாக, அடங்கலை நேரில் பார்க்க வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போகிறவர்களுக்கு: அக்டோபர் கடைசியிலும் நவம்பர் முதல் பாதியிலும் போகாதீர்கள், சம்பா காப்பீட்டுக்குச் சான்று வாங்க ஊரே அங்கேதான் நிற்கும், உங்களிடம் பேச அவருக்கு நேரம் இருக்காது. ஜமாபந்தி என்கிற வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை முடிந்த கையோடு போங்கள். தாலுகாவில் தணிக்கைக்குக் காட்டியதால் கணக்குகள் முழுதாக எழுதப்பட்டு வரிசையாக இருக்கும். கல்லூரியிலிருந்து ஒரு கடிதமும் கொண்டுபோங்கள், கேட்காவிட்டாலும் கொடுங்கள். பதிவேட்டைப் பார்க்கும்போது எண்ணோடு அது எழுதிய தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.