சிக்னலில் ஏறும் முள்

சிக்னலில் கார் நின்றதும், இன்ஜின் சூட்டைக் காட்டும் டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கி ஏறியது. வண்டி வேகமெடுத்ததும் தானாகவே இறங்கிவிட்டது.

இதிலேயே பாதி விடை இருக்கிறது. ஓடும்போது எதிர்க்காற்று, இன்ஜின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது ஃபேன்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தேன். அவ்வளவு சூட்டிலும் ஃபேன் அசையவில்லை. ஏசியைப் போட்டதும் சுற்றியது. சரி, மோட்டார் நன்றாக இருக்கிறது. சந்தேகம், சூட்டை உணர்ந்து ஃபேனை ஓட வைக்கும் சென்சார் மேல்தான்.

பழைய வண்டி என்றாலே ரேடியேட்டரை மாற்றச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. எப்போது சூடாகிறது என்று முதலில் கேட்க வேண்டாமா? நெடுஞ்சாலை வேகத்தில் முள் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பைத் தேடலாம், வாட்டர் பம்பையும் பார்க்கலாம்.

அப்புறம், சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். அழுத்தத்தால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), திறந்த நொடியில் முகத்தில் பீறிடும்.